முதல் கட்டம்

அந்த இணைய அரட்டைத் தளத்துக்குள் நுழைய ஒரு பொம்மை உருவம் வேண்டுமாம். கூந்தலையும் புடவையையும் தன்னுடையதைப் போலவே பொறுக்கிய வேணி, தோல் நிறங்களின் வரிசையில் மட்டும் தன் கறுப்பைத் தாண்டிப்போய், வெளுத்த முதல் கட்டத்தைத் தொட்டாள். உள்ளே போனதும் வேறு யாருடைய பொம்மையோ, "செம அழகா இருக்கீங்க" என்றது. வேணிக்கு வாயெல்லாம் பல்.

"யாரும்மா இது?"

பின்னால் மகள் ஆதிரை நின்றிருந்தாள். கறுப்பாக இருப்பதால் பள்ளி நாடகத்தில் தேவதை வேஷம் தரவில்லை என்று நேற்று அழுதவளிடம், "கறுப்புதான்டி அழகு" என்று அடித்துச் சொன்னவள் இதே வேணிதான்.

"நான்தான்டி" என்றாள் வேணி.

ஆதிரை திரையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு மடியில் ஏறி உட்கார்ந்து, "என்னையும் செய்யலாம்மா" என்றாள்.

சடையும் பாவாடையும் பொறுக்கி முடித்ததும் நிறங்களின் வரிசை வந்து நின்றது. மவுஸ் அப்போது ஆதிரையின் கையில் இருந்தது.