பரண்மேல் சத்துமாவு

ரேஷனில் அரிசி போட இன்னும் ஒரு வாரம் இருந்தது. மிச்சமிருந்த சத்துமாவை அதுவரை ஓட்ட நினைத்து, கோமளா டப்பாவைப் பரண்மேல் தூக்கி வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தாள். மகள் இலக்கியா பசி தாங்காமல் ஸ்டூல்மேல் குடத்தைக் கவிழ்த்துப்போட்டு ஏறினாள். விழுந்ததில் வலது கை முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுப் படுக்க வைத்தார்கள். காலையில் ரொட்டியும் பாலும், மத்தியானம் முட்டையோடு சோறும் வந்தன. இலக்கியா இடது கையாலேயே தட்டை வழித்துச் சாப்பிட்டாள். இரண்டே நாளில் முகம் தெளிந்துவிட்டது.

டாக்டரம்மா வந்து பார்த்தார். "நல்லாத்தான் இருக்கா. இன்னைக்கே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்."

அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும் இலக்கியா மெல்லக் கேட்டாள். "அரிசி போட்டுட்டாங்களாம்மா?"

"இன்னும் இல்லடி."

அவள் சற்று நேரம் மின்விசிறியையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். பிறகு, "ஐயோ, கை வலிக்குதே!" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி அலறினாள்.

டாக்டரம்மா திரும்பி வந்தார். "இவ்வளவு நேரம் சிரிச்சிட்டிருந்தாளே! நெசமாவே வலிக்குதாம்மா இவளுக்கு?"

இலக்கியா அழுதுகொண்டே அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கோமளாவுக்கு ஆமென்று சொல்ல வாய் வரவில்லை. இல்லையென்று சொல்ல மனம் வரவில்லை. டாக்டரம்மா பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார்.