சக்கரவர்த்தி கரைந்த நாள்

காக்கைகளின் சக்கரவர்த்தி கருவேந்தன் மகா புண்ணியவான். குயிலைக் கண்டால் கொன்றுவிடுவான். அவனே குயில்தான் என்பது சபையில் ஒருவருக்கும் தெரியாது. "வாயைத் திறந்தா நீ தொலைஞ்சே!" என்று சபித்துத்தான், வளர்த்த காக்கை அவனைக் கூட்டிலிருந்து தள்ளியது. அதனால் அவனுக்காக மந்திரியே கரைவார்.

அன்று ஒரு குயில் குஞ்சைக் கட்டி இழுத்து வந்தார்கள். அரண்மனையிலிருந்து கரைந்து அறிவித்தால்தான் மரண தண்டனை செல்லும். மந்திரிக்கோ தொண்டை கட்டிவிட்டது.

"நீங்களே ஒரு தடவை கரைஞ்சிடுங்க மகாராஜா!" என்று சபையே கெஞ்சியது.

வேறு வழியில்லாமல் கருவேந்தன் வாயைத் திறந்தான்.

"கூ...!"

சபை திகைத்தது. சக்கரவர்த்தி சட்டென்று இறகால் வாயை மூடிக்கொண்டான்.

மந்திரி கம்மிய குரலில், "ஆஹா! இத்தனை தலைமுறையா நாமதான் தப்பாக் கரைஞ்சிருக்கோம்!" என்றார்.

உடனே காக்கைகள் குஞ்சின் கட்டை அவிழ்த்துவிட்டு, அதன் முன்னே பணிவாக வரிசையில் நின்றன.

"வாத்தியாரய்யா, எங்களுக்கும் சொல்லிக்கொடுங்க!"