அக்கம்பக்கம்

எதிர் வீட்டில் யாரோ வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார்கள். பதினாலாவது மாடி நடைவழி முழுக்க அந்த வாசனை. கதவோரம் நாலு ஜோடிச் செருப்பு, உள்ளே ரேடியோ பாடியது. அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

"ஆளுங்க இருக்காங்கங்க" என்றாள் கணவனிடம், குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டபடி.

"பின்ன? இருபத்திரண்டு மாடியும் நிரம்பி வழியுது மேடம். இந்த ஒரு வீடுதான் பாக்கி" என்றார் தரகர். "நீங்க யோசிச்சுக்கிட்டே நின்னா சாயங்காலம் வேற ஒருத்தர் சாவியை வாங்கிட்டுப் போயிருவார்."

கணவனுக்குக் கப்பலில் இயந்திர வேலை. அன்று மாலை கிளம்பினால் திரும்பி வர எட்டு மாதம். போன தடவை அவன் கடலில் இருந்தபோது, ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருந்த பழைய வீட்டின் பின்கதவை உடைத்துக்கொண்டு எவனோ உள்ளே வந்தான். ஏழு மாத வயிற்றோடு குளியலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு விடியும்வரை கத்தினாள். ஏனென்று கேட்க நாதியில்லை.

அதனால்தான் நகரத்தின் நட்டநடுவில், அவன் சம்பளத்தில் பாதியை விழுங்கும் இந்தக் கண்ணாடிக் கட்டடம். பளிங்குத் தரையையோ நீச்சல் குளத்தையோ அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"கத்தினா நாலு பேர் ஓடி வரணும். எனக்கு அது போதும்" என்றாள்.

"கத்தவே வேணாம் மேடம். தும்மினா வருவாங்க."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, எதிர்க் கதவு திறந்தது. பளபளவென்ற உடுப்பும் முத்துமாலையுமாக ஒரு அம்மாள் வெளியே வந்தாள். முதலில் தரகரைப் பார்த்தாள், பிறகு இவர்களை.

"புதுசா குடி வர்றீங்களா? வாங்க, வாங்க. இங்க ஒரு குறையும் இல்ல. நாங்கல்லாம் பக்கத்துலயே இருக்கோம்."

ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு, ஆசையாகக் குழந்தையின் கன்னத்தை வருடினாள். குழந்தை வீறிட்டது. உப்புத்தாள் உரசியதுபோல் கன்னத்தில் சிவப்பாக ஒரு கோடு.

அவள் அந்த விரல்களைப் பார்த்தாள். நுனித் தோல் அரித்துப்போய், நகக்கண்ணில் வெள்ளை பூத்திருந்தது. கட்டட வேலையில் கலவை சுமந்து அவளை வளர்த்த அம்மாவின் விரல்களும் அப்படித்தான் இருக்கும்.

அந்த அம்மாள் சட்டென்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அம்மாவுக்குத் தோட்டம்னா உசுரு" என்று தரகர் முந்திக்கொண்டார். "மொட்டை மாடில பொழுதுக்கும் மண்ணைக் கிளறிக்கிட்டே இருப்பாங்க. சொன்னா கேட்டாத்தானே?"

"கையை வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியுதா?" அந்த அம்மாள் சிரித்தாள். கண் மட்டும் தரகரை விட்டு நகரவில்லை.

லிஃப்டில் இறங்கும்போது அவள் மெதுவாகச் சொன்னாள். "அந்தம்மா கை எங்கம்மா கை மாதிரியே இருந்துச்சுங்க."

"நல்லதாப் போச்சு. அம்மா வீடு எதுத்தாப்புலயே இருக்குன்னு நெனச்சுக்க" என்றான் அவன். "பணக்காரங்க கைன்னா பஞ்சு மாதிரிதான் இருக்கணும்னு சட்டமா என்ன?"

நாலு மணிக்குக் கையெழுத்து. கட்டில், அடுப்பு எல்லாம் போட்டே வாடகைக்கு விட்ட வீடு. இரண்டு பெட்டியோடு குடித்தனம் ஆரம்பித்துவிட்டது. ஐந்து மணிக்கு டாக்ஸி வந்தது.

"எதுன்னாலும் எதிர் வீட்ல கேளு" என்று சொல்லிவிட்டு, குழந்தையை முகர்ந்துவிட்டு அவன் போனான். தரகரும் அதே வண்டியில் தொற்றிக்கொண்டார்.

ஆறு மணிக்குக் குழந்தை பாலுக்கு அழுதது. அடுப்பு பற்றவில்லை. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் எதிர்க் கதவைத் தட்டினாள்.

ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. இன்னொரு முறை பலமாகத் தட்டினாள். யாரும் வரவில்லை. குனிந்து செருப்புகளைப் பார்த்தாள். நாலு ஜோடியும் புத்தம் புதுசு. ஒன்று கவிழ்ந்து கிடந்தது; அடியில் பொட்டு மண் இல்லை.

படிக்கட்டில் சாவிக் கொத்துச் சத்தம் கேட்டது. சாயம்போன உடுப்பில் ஒரு நடுத்தர வயதுக்காரி, சாக்கு மூட்டையை இழுத்துக்கொண்டு மேல் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். தட்டாமல் கொள்ளாமல் எதிர் வீட்டைச் சாவி போட்டுத் திறந்தாள்.

உள்ளே வெறும் சிமெண்டுத் தரை. மூலையில் ஒரு மின் அடுப்பு, அதன்மேல் கருகிப்போன வெங்காயச் சட்டி. ஆணியில் அந்த முத்துமாலையும் பளபளக்கும் உடுப்பும் தொங்கின.

வந்தவள் ரேடியோவை நிறுத்தினாள். மாலையையும் உடுப்பையும் சுருட்டிச் சாக்கில் திணித்தாள். வாசலில் இருந்த செருப்புகளையும் அள்ளிப் போட்ட பிறகுதான், எதிரே நின்றவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ இன்னும் போகலையா? புதுசா? எந்த மாடில நிக்க வச்சாங்க உன்னை?"

அவள் திறந்த கதவுக்குள் கை காட்டினாள். "இந்த வீட்டம்மா..." என்றாள்.

"அவ முதல் வேன்லயே போயிட்டா. பாவம், வீட்ல பிள்ளைங்க பசியோட கெடக்கும்." வந்தவள் குழந்தையைப் பார்த்தாள். "கைப்பிள்ளையோட வந்தா கூலி கூட ஆச்சே, கேட்டு வாங்குனியா? கேக்கலேன்னா அமுக்கிருவானுங்க. இனி எங்க கேக்கறது, வீடு பாக்க வந்தவங்கதான் கையெழுத்துப் போட்டாச்சாமே."

மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். கதவைப் பூட்டினாள். நடைவழி விளக்கை அணைத்தாள்.

"சீக்கிரம் வாம்மா, கடைசி வேன் போயிட்டா இந்தக் கட்டடத்துல கத்தினாக்கூடக் கேக்க ஒரு ஆள் இல்ல."