இரண்டாவது பாகினம்

கோலார் தங்க வயலுக்கே தண்ணீர் கொடுத்த பேத்தமங்களா ஏரி பல வருடம் கழித்து நிரம்பி வழிந்து கோடி போனது. ஊரே திரண்டு வந்து கரையில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது.

பவ்யா தண்ணீரைப் பார்க்கவில்லை. தூரத்தில் வண்டியோடு நின்ற ரூபேஷைப் பார்த்தாள்.

பெங்களூர் ரயிலில் தினமும் கூட வருகிறவன். கட்டிக்கொள்கிறேன் என்கிறான். இன்றைக்காவது அத்தையிடம் சொல்லிவிடு என்று கெஞ்சி, அவள் தைரியத்துக்குத் தானும் வந்து நிற்கிறான்.

எப்படிச் சொல்வது? கணவன் உமேஷ் இறந்து மூன்று வருடம். பிறந்த வீட்டில் கூப்பிட்டும் அவள் மாமியார் ராஜத்தை விட்டுப் போகவில்லை. அவ்வளவு பிரியம். வாயைத் திறந்தால் அத்தையின் முகம் என்ன ஆகுமோ என்று பயந்தாள்.

ராஜம் பையிலிருந்து பாகினத்தை எடுத்தாள். சின்ன முறத்தில் மஞ்சள், குங்குமம், ரவிக்கைத் துணி, கண்ணாடி வளையல்; மேலே இன்னொரு முறம் போட்டு மூடியிருந்தது. இந்தப் பக்கத்து வழக்கம் அது. பாகினம் வாங்க நிரம்பிய ஏரியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சுமங்கலியாக இருக்க வேண்டும்.

வளையல் ராஜம் நடத்தும் கடையிலிருந்துதான். காலையில் ராஜம், மருமகளின் வெறுங்கையைப் பிடித்து, விரல்களைக் குவித்து அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் வளையல் எடுத்தாள்.

"ஏரிக்கு எதுக்கு அத்தே அளவு?" என்று பவ்யா சிரித்தாள். ராஜம் சிரிக்கவில்லை.

இப்போது பாகினத்தைத் தண்ணீரில் விட்டாள். அது கொஞ்சம் தள்ளாடி, பிறகு மிதந்து போனது. ராஜம் கும்பிட்டாள்.

பவ்யா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "அத்தே, உங்க கிட்ட ஒன்னு..."

ராஜம் பைக்குள் மறுபடியும் கையை விட்டாள். இன்னொரு பாகினம். முந்தானையால் மூடி மருமகளிடம் நீட்டினாள்.

பவ்யாவுக்குக் கை எழவில்லை.

"இன்னாம்மா பாத்துகினு கீற? புடி. அந்தப் பையன் எவ்ளோ நேரம்தான் வெயில்ல நிப்பான், கூப்புடு."

பவ்யா துப்பட்டாவை விரித்து வாங்கினாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ராஜத்துக்கும்தான்.

கண்ணைக்கூடத் துடைக்காமல் ராஜம் மேல் முறத்தைத் தூக்கினாள். வளையலை எடுத்து, கடையில் போடுகிற மாதிரியே மருமகளின் விரல்களைக் குவித்து ஏற்றினாள்.

ஒன்றுகூட உடையவில்லை. அளவு சரியாக இருந்தது.