ஆறாம் வகுப்பின் மூத்த ஆசிரியர்

"உங்க மேல மொட்டைக் கடுதாசி வந்திருக்கும்மா. நாலு பக்கம்!"

நாற்காலியில் அமர்வதற்கு முன்பே கல்வி அலுவலர் இதைச் சொல்லிவிட்டார். தலைமையாசிரியை எழுந்து நின்று வணங்கி, மேசை விசிறியை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். கதவோரம் நின்றிருந்த அலுவலக எழுத்தருக்குத்தான் முகம் வெளிறிப்போனது.

"படிக்கிறேன், கேளுங்க. 'பத்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்த வேண்டிய மூத்த கணக்கு ஆசிரியரை, வாய்ப்பாடு கூடத் தெரியாத ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அனுப்பி வீணாக்குகிறார். இது சுற்றறிக்கைக்கு முற்றிலும் விரோதம்.' உண்மையா?"

"அனுப்பினது உண்மை சார். வீணாச்சா இல்லையான்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

"பத்தாம் வகுப்புக்குத்தான் அனுபவம் உள்ளவங்களைப் போடணும்னு விதி இருக்கு, தெரியுமில்ல?"

"தெரியும் சார். இத்தனை வருஷமா அதுப்படிதான் நடந்தேன். நல்லாப் படிக்கிற பிள்ளைக்கு நல்ல வாத்தியார். தட்டுத்தடுமாறுற பிள்ளைக்கு யார் மிச்சமோ அவங்க. தடுமாறுறதும் இதே பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்கதானே சார்? அதுங்க மட்டும் மாற்றாந்தாய் பிள்ளைங்களா?"

"பேச்சு நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு மாசத்துல ஓய்வு பெறப் போறீங்க. விதிமீறல்னு நான் ஒரு வரி எழுதினா உங்க ஓய்வூதியமே நின்னுபோகும். நீங்க போனதும் அடுத்து வர்றவங்க எல்லாத்தையும் பழையபடி மாத்திடுவாங்க. எதுக்கும்மா இந்த வம்பு?"

"அவங்க மாத்திடுவாங்களேன்னுதான் சார் என் கவலையும்."

"முன் அனுமதியாவது கேட்டீங்களா?"

"கேட்டேன் சார். பதில் வரலை. இந்த வருஷம் துணிஞ்சு செஞ்சுட்டேன்."

எழுத்தருக்குப் பொறுக்கவில்லை. "சார், எங்க டீச்சர் ஒரு ஈ எறும்புக்குக் கூட..."

"நீங்க சும்மா இருங்க தம்பி."

அலுவலர் கடிதத்தை மறுபடியும் புரட்டினார். "எழுதினது இந்தப் பள்ளிக்கூடத்து ஆளுதான். எந்தப் பாடவேளை, எந்த அறைன்னு புட்டுப்புட்டு வச்சிருக்கான். ஒரு எழுத்துப்பிழை இல்ல. யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

"எனக்குச் சந்தேகமே இல்ல சார்."

"பெரிய மனசு உங்களுக்கு. சரி, இதுல போட்டிருக்கிறபடி இப்ப மூணாவது பாடவேளை. வாங்க, நேர்லயே பார்த்துடுவோம்."

ஆறாம் வகுப்பில் அந்த மூத்த ஆசிரியர் பிள்ளைகளுக்கு நடுவே தரையில் அமர்ந்து சோடா மூடிகளைக் குவித்துக்கொண்டிருந்தார். அலுவலர் வந்ததையே அவர் கவனிக்கவில்லை.

அலுவலர் குனிந்து ஒரு சிறுமியிடம் கேட்டார். "பன்னெண்டை மூணு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு எவ்வளவு?"

"நாலு சார். பதிமூணு இருந்தாத்தான் தகராறு."

அலுவலர் வாய்விட்டுச் சிரித்தார். ஆசிரியர் பதறி எழுந்தார்.

"ஐயா, உங்களை இங்க அனுப்பினதுல வருத்தமா?" என்று அவரிடம் கேட்டார் அலுவலர்.

"முதல் வாரம் கோபம்தான் சார். டீச்சர்கிட்ட முகம் கொடுத்தே பேசலை. பத்தாம் வகுப்புப் பிள்ளைங்க நான் லீவு போட்டாலும் பாஸ் பண்ணிடும். இங்க ஒரு நாள் லீவு போட மனசு வரமாட்டேங்குது."

பத்தாம் வகுப்பின் மதிப்பெண் பதிவேட்டையும் அலுவலர் வரவழைத்துப் பார்த்தார். இளைய ஆசிரியை நடத்திய அந்த வகுப்பில், அரையாண்டுத் தேர்வில் சென்ற ஆண்டைவிட இருவர் கூடுதலாகவே தேறியிருந்தனர்.

அறைக்குத் திரும்பியவர் நெடுநேரம் எழுதினார். கையொப்பமிட்டு, ஒரு நகலைத் தலைமையாசிரியையிடம் இரு கைகளாலும் நீட்டினார்.

'புகாரில் கூறப்பட்ட செயல் உண்மை, குற்றம் ஏதுமில்லை. வரும் கல்வியாண்டு முதல் இவ்வட்டாரத்தின் எல்லாப் பள்ளிகளிலும் இம்முறையையே பின்பற்ற ஆணையிடுகிறேன்.'

தலைமையாசிரியை அதை இரண்டு முறை படித்தார். அவரையும் அறியாமல் தலை நிமிர்ந்தது.

அலுவலரின் கார் வாயிலைத் தாண்டியதும் எழுத்தர் பொங்கினார். "அந்த மொட்டைக் கடுதாசி எழுதினவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும் டீச்சர், உண்டு இல்லைன்னு ஆக்கிடறேன்!"

"மெதுவாப் பேசுங்க தம்பி," என்றார் தலைமையாசிரியை. "அனுமதி கேட்டு மூணு வருஷமா எழுதினேன், ஒருத்தரும் எட்டிப் பார்க்கலை. என் மேல நானே ஒரு புகார் எழுதிப் போட்டேன், நாலாம் நாள் காரே வந்து நின்னுடுச்சு!"