கடைக்குள் வராத மேஸ்திரி

மேஸ்திரி இந்த உலகத்தில் யாரையும் நம்பியது கிடையாது. நாற்பது வருடம் கட்டட வேலை. மணலில் மண் கலப்பவன், சிமென்ட் மூட்டையில் பாதியை விழுங்குபவன், பத்துக் கம்பி கட்ட வேண்டிய இடத்தில் ஆறைக் கட்டிவிட்டு ஏப்பம் விடுபவன் என்று அத்தனை பேரையும் கிட்டத்தில் பார்த்தவர். அவருக்கு நம்பிக்கை எங்கிருந்து வரும்?

கட்டடக்கலை படிக்கப் போகும் இளைய மகளுக்கு லேப்டாப் வாங்கப் புறப்பட்டவர், இரண்டு கடைகளில் சண்டை போட்டுவிட்டார். முதல் கடைக்காரன் பிராசஸர் என்றான். கண்ணில் காட்டு என்றார். அது உள்ளே இருக்கிறது என்றான். திறந்து காட்டு என்றார். அதோடு முடிந்தது. இரண்டாவது கடையில் லேப்டாப்பைக் கையில் வாங்கி எடை பார்த்தார். "உள்ள வெறும் காத்துதான் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை வகுப்பு தொடங்குகிறது. பெரிய வரைபடங்களை மூச்சுத் திணறாமல் தூக்கிச் சுற்ற வேண்டும் என்று கல்லூரி கேட்ட மாதிரி லேப்டாப், ஊரில் இன்னும் ஒரே ஒரு கடையில்தான் இருந்தது. அதுவும் ஒன்றே ஒன்று. இரண்டு வருடம் வீட்டு மாடி அறையை விட்டு இறங்காமல் படித்து வாங்கிய சீட்டு. இங்கேயும் அப்பா வாயைத் திறந்தால், மற்றவர்கள் படம் போடுவதைத் தான் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான் என்று மகள் வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

கடையைப் பார்த்ததுமே மேஸ்திரியின் முகம் மாறிவிட்டது.

"இந்தக் கடையா?"

"ஏம்ப்பா, தெரியுமா?"

"நல்லாத் தெரியும். இதுக்குள்ள போறவன் முழுசா வெளிய வந்தா அவன் அதிர்ஷ்டம்."

அவர் படியேறவே இல்லை. உள்ளே ஏசி இருக்கிறது, வந்து உட்காருங்கள் என்று கடைக்காரர் கெஞ்சிப் பார்த்தார். எதையும் வெளிச்சத்தில், நாலு பேர் பார்க்கத்தான் வாங்குவேன் என்று மேஸ்திரி நடைபாதையிலேயே நின்றுவிட்டார். கடைக்காரர் ஒரு ஸ்டூலைத் தூக்கிவந்து வெயிலில் போட்டு, அதன்மேல் லேப்டாப்பைத் திறந்து வைத்தார். திரையில் மகளின் மூக்குதான் தெரிந்தது. மேஸ்திரி காலி அட்டைப்பெட்டியைக் குடை மாதிரி பிடித்துக்கொண்டார்.

எப்படி ஓடுகிறது என்று காட்ட, கடைக்காரர் தன் கடை இருக்கும் கட்டடத்தின் வரைபடத்தையே திறந்தார். கட்டட ஓனர் கொடுத்ததாம். மகள் அதை இப்படியும் அப்படியும் உருட்டினாள். வழுக்கிக்கொண்டு சுற்றியது. பிறகு கண்ணாடி வழியாகக் கடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"படத்துல நடுவுல ஒரு தூண் இருக்கே. உள்ள காணோமே?"

"இல்லாததும் நல்லதாப் போச்சும்மா" என்று கடைக்காரர் சிரித்தார். "அந்த இடத்துலதான் ஷோகேஸ் வெச்சிருக்கேன்."

"இல்லாத தூணை இருக்குன்னு காட்டுது. இந்தப் புளுகு மிஷினத்தான் எம்பொண்ணு தலையில கட்டப் பாக்கறீங்களா?" என்றார் மேஸ்திரி.

மகள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அடுத்த வில்லங்கம், சாஃப்ட்வேர் ஏற்ற லேப்டாப் பின்னறைக்குப் போக வேண்டும், அரை மணி ஆகும் என்பது. மேஸ்திரி வீட்டுச் சாவியை எடுத்து லேப்டாப்பின் அடிப்பக்கத்தில் மூன்று கீறல் போட்டார். மாற்றிக் கொடுத்தால் தெரிந்துவிடுமாம். கடைக்காரரின் முகம் சுண்டிவிட்டது. மகளுக்கு மானம் போயிற்று. நானே கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று, அப்பா தடுப்பதற்குள் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

மேஸ்திரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். நிமிடத்துக்கு ஒரு தரம் "ஆச்சா?" என்று குரல் கொடுத்தார். தெருவில் ஒரு லாரி போனது. கடைக் கண்ணாடி கடகடத்தது.

"போதும், வெளிய வா!" என்று கத்தினார். தெருவே திரும்பிப் பார்த்தது.

மகள் லேப்டாப்போடு வந்தாள். மூன்று கீறலும் அப்படியே இருந்தன. பணம் கட்டவும் மேஸ்திரி உள்ளே போகவில்லை. கார்டு மிஷின் நடைபாதைக்கு வந்தது. கடைக்காரர் கோபத்தை விழுங்கிக்கொண்டு, மூன்று வருடம் சர்வீஸ் இலவசம், எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லி அனுப்பினார்.

பஸ் நிறுத்தத்தில் மேஸ்திரி சொன்னார். "ரிப்பேர்னா வேற கடைக்குப் போ. இந்தக் கடைக்குள்ள மட்டும் காலை வெக்காதே."

மகள் பொங்கிவிட்டாள். "அவர் எதை மாத்தினார்? எதைத் திருடினார்? அந்தப் பொறுமைசாலியைப் போய்த் திருடன் மாதிரி நடத்திட்டீங்களேப்பா."

"அவரை யாரு திருடன்னா? தங்கமான மனுஷன்."

"அப்புறம்?"

மேஸ்திரி பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நம்ம வீட்டுல உன் மாடி ரூமைத் தாங்கிட்டு நிக்குதே, அதுதாம்மா அந்தத் தூண்."