இரண்டாவது புரொஃபைல்

"மூத்தவ ஓடிப்போனவ. அவளுக்கு மட்டும் இந்தக் கல்யாண லைவ் போகக்கூடாது" என்றார் மணப்பெண்ணின் அப்பா.

மணப்பெண் ஏற்பாடு செய்திருந்த வீடியோக்காரன், லைவ் அனுப்பும் பெட்டியில் சொந்தக்காரர்கள் பார்க்க ஒரு புரொஃபைல், அதாவது லைவ் போகும் தனி வழி, போட்டு பாஸ்வேர்டு வைத்தான். பிறகு, குறைந்த வேகத்தில் இன்னொன்றும் போட்டான்.

"அது யாருக்கு?"

"எங்க வீட்டுல பார்க்கணுமாம் சார். அங்கே நெட் ரொம்ப மந்தம்."

"உன் பொண்டாட்டி எதுக்குய்யா பார்க்கணும்?"

"அவ பார்க்கக்கூடாதுன்னா நான் இப்பவே மூட்டை கட்டிடறேன்."

அவர் இறங்கி வந்தார். "கோவிச்சுக்காதப்பா. தாராளமா பார்க்கட்டும்."

லைவ் தொடங்கியதும் வீடியோக்காரனின் போனுக்கு அவன் மனைவியிடமிருந்து செய்தி வந்தது: "அப்பா இளைச்சுட்டாரு. கிட்டக் காட்டுங்க."

"சார், இங்கே பாருங்க" என்றான்.

மருமகன் முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்று ஐந்து வருடமாகச் சொல்லி, அந்த முகத்தை ஒருமுறைகூடப் பார்த்திராத மாமனார், அவனைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார்.